வண்டு விழுந்த மூட்டை

வெள்ளம் வடிந்ததும் மளிகைக்கடைக்காரர் நிவாரண முகாமுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார். வண்டு விழுந்து, விலை போகாமல் மூலையில் கிடந்த மூட்டை. பசிக்கிற வயிறு இதையெல்லாம் பார்க்கவா போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அரிசி கொடுத்தவர்தான் முதல் தட்டு சாப்பிட வேண்டும் என்பது அந்த முகாமில் வழக்கம். சமையல்காரர் தட்டை நீட்டினார்.

"வயிறு சரியில்லப்பா," என்று நழுவப் பார்த்தார் கடைக்காரர்.

"அப்ப உங்க கையாலயே முதல் ஆளுக்குக் குடுத்துடுங்க."

முதல் ஆள், பல வருஷமாக அவர் கடையிலேயே சாமான் வாங்கும் டீச்சரம்மா. வீடு முழுக்கச் சேறு. சோற்றைப் பிசைந்தவர் கை சட்டென்று நின்றது. ஒரு வண்டை நைசாக ஒதுக்கி, தட்டுக்கு அடியில் துடைத்துக்கொண்டார்.

"அரிசி எப்படிக்கா?" என்றாள் அடுத்து நின்றவள்.

"அண்ணன் கடை அரிசி. கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்," என்றார் டீச்சரம்மா, கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைக்காரர் தலை நிமிராமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.