மச்சான் பக்கத்து லிங்க்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பூட்டுக்கடைக்காரர் செய்யும் முதல் வேலை, கைப்பேசியில் மச்சானின் வலைப்பூவைத் திறப்பது. 'புது வீட்டுக்குப் போனதும் பழைய பூட்டை மாற்றுங்கள்' என்றொரு வரி அங்கே உண்டு. அதில் நீல நிறத்தில் இருக்கும் 'பூட்டு' என்ற சொல்லைத் தொட்டால் அது அவருடைய சொந்த வலைப்பூவுக்கே கூட்டிப்போகும். பக்கம் திறக்கும்போதே மூடிவிடுவார். தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போய் வாசலோடு திரும்பும் காரியம்தான். ஆனால் வருகைக் கணக்கில் ஒன்று கூடுமே.

யோசனை மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வீடு மாற்றுகிறவர்களுக்கு வண்டியும் ஆளும் அனுப்புகிறவர். "நீ என் பக்கத்துக்கு லிங்க் குடு மாப்ள, நான் உன் பக்கத்துக்குக் குடுக்கறேன். உன் வாசகர் எனக்கு, என் வாசகர் உனக்கு" என்றார். பூட்டுக்காரருக்கு அப்போது வாசகர் என்று யாரும் கிடையாது. இல்லாதவர்களைப் பங்கு போட்டுக்கொள்வதில் என்ன வந்தது என்று தலையாட்டினார். அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பெரிய பூட்டுக் கம்பெனி திறந்ததிலிருந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வலைப்பூவும் கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் அவருக்கு. துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி எழுதினாலும் கடைசி வரியில் மச்சானின் வண்டி வந்து நிற்கும்.

சில வாரங்களாக வருகை படுத்துவிட்டது. ஊரே பூட்டுப் போடுவதை நிறுத்திவிட்டதோ என்று கவலைப்பட்டு, காலையோடு மதியமும் லிங்க்கைத் தொட ஆரம்பித்தார். ஒரு மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாரு பக்கத்தைப் பாக்கறீங்க?"

"நம்ம பக்கம்தான்."

"நமக்கு எப்போ கண்ணாடிக் கதவு வந்துச்சு?"

மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார். அடுத்த தெருக் கம்பெனியேதான். மச்சான் அந்த நீலச் சொல்லை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். இத்தனை நாளும் இவர் இரண்டு வேளையும் எதிராளியின் வாசலில் போய் ஆஜர் கொடுத்திருக்கிறார்.

மனைவி சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

மாலையில் வண்டிச் சாவிக்கு நகல் போட மச்சானே வந்து நின்றார். பூட்டுக்காரர் சாவியை வாங்கி மெஷினில் மாட்டினார்.

"என் லிங்க் எங்க மச்சான்?"

மச்சான் கடையிலேயே இருந்த தங்கையைப் பார்த்தார். அவள் ஸ்டூலை நகர்த்திப் போடக்கூட இல்லை.

"அது வந்து மாப்ள, ரெண்டு பேரு மாத்தி மாத்தி லிங்க் போட்டுக்கிட்டா, நெட்ல தேடுற இடத்துல கண்டுபிடிச்சு நம்ம பக்கத்தைக் கீழ தள்ளிடுவாங்களாம். வெவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்க."

"அப்போ நான் உனக்குப் போட்டிருக்கறது?"

"அது இருக்கட்டும். ஒருபக்கமா இருந்தா நல்லதுதானாம்."

"யாருக்கு நல்லது?"

மெஷின் கிறீச்சிட்டது. மச்சான் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லவா? உன் லிங்க்கைத் தொடறது நீயும் என் தங்கச்சியும்தான். அந்தக் கம்பெனி பக்கத்துக்கு ஊரே போகுது. அவங்ககிட்ட வீடு மாத்தறவங்க வந்தா என்னைச் சொல்றாங்க."

"எடுத்ததுகூடப் பெருசில்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற வேலையாவது பாத்திருப்பேன்."

"நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லலை."

"அண்ணே, சாவி ஆயிடுச்சு. கெளம்பு" என்றாள் மனைவி.

சாவியின் பல்லைக் கொஞ்சம் தப்பாக வெட்டியிருக்கலாம். பாழாய்ப்போன கைக்கு அந்தப் புத்தி வரவில்லை. சாவி கச்சிதமாக இருந்தது.

அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் மச்சானின் வண்டியைக் கிளப்பினார். கடைசி வரிகள் போனதும் கட்டுரைகள் முன்னைவிட நன்றாக இருந்தன. அதுவும் அவருக்கு வலித்தது.

மறுநாள் ஓர் அம்மாள் போனில் கூப்பிட்டாள். "சாவி பூட்டுக்குள்ள முறிஞ்சா என்ன பண்றதுன்னு தேடினேங்க, நீங்க எழுதினது கெடைச்சுது. அது மாதிரியே செஞ்சேன், முறிஞ்ச துண்டு வந்துடுச்சு. புது வீட்டுக்கு எல்லாப் பூட்டும் நீங்கதான் மாத்தித் தரணும்." எந்த லிங்க்கையும் பிடித்துக்கொண்டு வராத ஆள். பூட்டுக்காரர் தாமாகவே எழுந்து நின்றுவிட்டார். "அப்புறம், சாமான் ஏத்த நம்பிக்கையா யாராவது தெரியுமா?"

'நம்பிக்கையா' என்ற சொல் முள்ளாய்க் குத்தியது. ஆனாலும் மச்சானின் ஆட்கள் ஒரு கோப்பையைக்கூட உடைத்ததில்லை, அது நிஜம். மனைவி தலைகுனிந்து சாவிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

மச்சானின் எண்ணைச் சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றார்.