வாசலில் விட்ட செருப்பு

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் லட்சுமணசாமிக்குக் கட்டடங்கள் மேல் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தூணே இல்லாமல் ஒரு புது சர்ச் கட்டியிருக்கிறார்களாம், வேன் பிடித்துக்கொண்டு வந்து பார்க்கிறார்களாம், நாமும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டமில்லாத ஒரு வியாழக்கிழமை கிளம்பினார். அந்த சர்ச்சில்தான் போன வருஷம் அவருடைய ஒரே மகள் ஹேமலதா சேவியரைக் கல்யாணம் செய்துகொண்டாள்; அந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. சர்ச்சுக்குப் பின்தெருவில்தான் குடியிருக்கிறாள். இதையெல்லாம் அவர் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. மனைவி வெங்கடம்மாளும் கேட்கவில்லை. கேட்டால் மனுஷன் முறுக்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்.

"கட்டடத்தப் பாத்துப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிரோணும், ஆமா," என்றார் உக்கடத்தில் பஸ் ஏறும்போதே.

"சரிங்க," என்றாள் வெங்கடம்மாள். அவள் மடியில் ஒரு தூக்குப்போசி இருந்தது. உள்ளே இருப்பது மகளுக்குப் பிடித்த ஒப்புட்டுப் போளி என்று வாசனையே சொன்னது. அதை அவரும் கேட்கவில்லை.

சர்ச் விசித்திரமாகத்தான் இருந்தது. சுவர் என்று தனியாக எதுவும் இல்லை. கூரையே இரண்டு பக்கமும் தரையிலிருந்து கிளம்பி, உச்சியில் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிட்டது. நடுவில் விட்ட இடைவெளிக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு செருப்பையும் காணோம். எல்லோரும் செருப்போடுதான் உள்ளே போய்வந்தார்கள். லட்சுமணசாமிக்கு மனசு கேட்கவில்லை. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, செருப்புக்காலோடு போய் நிற்க அவரால் முடியாது. வாரில் பச்சை நைலான் நூல் போட்டுத் தைத்த பழைய செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பக்கத்தில் வெங்கடம்மாளும் கழற்றினாள்.

உள்ளே உச்சிக் கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சம் நடைபாதை நெடுகக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் தூணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, கேட்கவில்லை.

"ஏனுங்க, கல்யாணம்னா பொண்ணு எந்தப் பக்கமா வரும்?" என்றார்.

"இந்த நடுவாலதானுங்க. பொண்ணோட அப்பா கையப் புடிச்சுக் கூட்டியாருவாரு." விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் சொன்னாள்: "போன வருசம் ஒரு புள்ள தனியா வந்துச்சுங்க. கூட வாரோம்னு எத்தன பேரு சொல்லியும் வேண்டாம்னுபோட்டுது. பக்கத்துல ஒரு ஆளு நடக்கற எடத்த உட்டுப்போட்டு, ஓரமாவே நடந்து வந்துச்சு. எனக்கே அழுவாச்சி வந்துருச்சுங்க."

லட்சுமணசாமியால் அதற்கு மேல் அந்த நடைபாதையைப் பார்க்க முடியவில்லை. தன் மேல் வந்த கோபத்தில் வழக்கம்போல மனைவி மேல்தான் பாய்ந்தார். "பாத்தாச்சல்ல, கெளம்பு!"

வெளியே வந்தால் அவருடைய செருப்பைக் காணோம். வெங்கடம்மாளின் புதுச் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. எந்தத் திருடன் புதுசை விட்டுவிட்டு ஒட்டுப்போட்ட பழசை எடுப்பான்? சட்டென்று அவருக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயசில் ஹேமலதா இப்படித்தான். அப்பா பட்டறைக்குப் போகக் கூடாதென்றால் செருப்பை ஒளித்துவைத்துக்கொள்வாள்.

எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள் அவள். கடைக்குப் போகிற வழியில் பச்சை நூலைப் பார்த்திருக்கிறாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வாய் சிரித்தது, கண்ணில் தண்ணீர் நின்றது.

"குடு கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். கையை நீட்டினார்.

"தர மாட்டேனுங்க நைனா. ஊட்டுக்கு வந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்."

சொல்லிவிட்டுச் செருப்போடு அவள் பாட்டுக்கு முன்னால் நடந்தாள். தூக்குப்போசியோடு வெங்கடம்மாள் அவசரமாகப் பின்னால் போனாள். மத்தியான வெயிலில் தார் ரோடு கொதித்தது. ஹேமலதா ரோட்டின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தாள். லட்சுமணசாமி வெறுங்காலோடு எட்டி நடந்து அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் சுடுதுங்களா நைனா?" செருப்பை நீட்டினாள்.

"சுடட்டும். நீயே வெச்சிரு," என்றார்.