கனகலிங்கத்தாரின் கிழக்கு வேலி

தேங்காய் இருநூறு ரூபாய்க்கு விற்ற தை மாதத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குடியேற்றத் திட்டக் காணியொன்றில், கனகலிங்கத்தாரின் கிழக்கு வேலி நடக்கத் தொடங்கியது. முதல் நாள் நாலு விரல் அகலம் வந்தது. பின்னேரம் நாலரை மணி, நல்ல வெளிச்சம். அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு நட்டு வேர்பிடித்த சீமைக்கிளுவைக் கதியால்கள் ஒவ்வொன்றாக வேரைத் தூக்கி, மண்ணை உதறி, வீட்டுப் பக்கமாக வைத்து, மறுபடி நேராக நின்றன. அந்த நேரம் அவருடைய மனைவி விமலேஸ்வரி மாமரத்தடியில் இருந்து, நீதியைப் பற்றிக் கிரேக்கர்கள் எழுதியதை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

விமலேஸ்வரி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெறுமுன் ஒரு பட்டம் எடுத்துவிட வேண்டுமென்று ஐம்பத்து நாலு வயதில் வெளிவாரியாக மெய்யியல் படித்தார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், வகுப்பிருந்து, போட்டோக்கொப்பிக் கட்டோடு திரும்புவார். கிரேக்கர், சீனர், அரபிகள், ஐரோப்பியர், நம்மவர் என்று எல்லாரும் அந்தக் கட்டுக்குள் இருந்தார்கள். மனிதன் எப்படி வாழவேண்டும், அரசு எப்படி நடக்கவேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். முப்பது வருடம் வகுப்பில் சத்தமாகப் படிப்பித்த பழக்கத்தால் உரத்து வாசித்தால்தான் அவருக்குத் தலைக்குள் ஏறும். சீனர் பகுதிக்கு வேலி ஒரு சாண் வந்தது. அரபிகளுக்கு ஒன்றரைச் சாண்.

கனகலிங்கத்தார் நாலாம் நாளே சொன்னார்: "இஞ்சாரும், உந்தப் படிப்பை விடும்."

"நான் நீதியைப் பற்றிப் படிக்கிறன். வேலியைப் பற்றி இதில ஒரு வரியும் இல்லை."

"நீர் வாசிக்கத்தானே அது நடக்குது."

"இவ்வளவு வருசமும் இந்த முற்றத்தில இருந்து வாசிச்சனான். அப்ப நடக்கேல்லையே?"

"அப்ப நீர் வாய்ப்பாடெல்லோ வாசிச்சனீர்!"

அந்த வேலிக்குப் பின்னால் கனகலிங்கத்தாரின் ஒரு சொல் நின்றது. அவருடைய தகப்பன் ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்தவர். அந்தக் குடும்பத்தில் பொய் சொன்னவர் என்று எவரையும் ஊர் காட்டியதில்லை. பக்கத்துக் காணிக்கு எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்த நல்லதம்பி, எல்லையோரம் அலவாங்கால் கல்லுடைத்து ஒரு கிணறு வெட்டினார். கோடையிலும் வற்றாத கிணறு. கடைசிச் சண்டையில் இரண்டு குடும்பமும் இடம்பெயர்ந்து முகாமுக்குப் போயின. கனகலிங்கத்தார் நல்லதம்பிக்கு எட்டு மாதம் முந்தித் திரும்பி வந்தார். வேலி எரிந்து அடையாளமில்லாமல் கிடந்தது. கிணறு தன் பக்கம் வரும்படி புது வேலியை அடைத்தார். காணி பதிய வந்த அதிகாரி கேட்டபோது, "அப்பர் காலத்தில இருந்தே வேலி இதிலதான்" என்றார். நல்லதம்பி வந்து வேலியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். அவருடைய மனைவி தங்கம்மா பதினாலு வருடமாகக் கால் மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்.

இப்போது ஊர் வேலியோரம் வந்து நின்று பார்த்தது. கனகலிங்கத்தார் வேலி அடைக்கிற கணபதியைக் கூப்பிட்டுக் கதியால்களைப் பழைய குழிகளில் நடுவித்தார். அடுத்த பின்னேரம் அவை திரும்பி வந்தன. "கனகண்ணை, இது வேலியில்லை, மாடு. கட்டை அடிச்சுத்தான் கட்டவேணும்" என்றார் கணபதி. சீமெந்துத் தூண் நட்டு முட்கம்பி கட்டினார்கள். தூண்கள் நின்ற இடத்தில் நின்றன. கிளுவைகள் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயின. காய்ந்த கட்டையை நட்டிருந்தால் இந்தக் கதை வந்திராது என்று கணபதி கடைத்தெருவில் சொன்னார். நூறு வருடம் நிற்கட்டும் என்று பச்சைக் கதியாலாகத் தெரிந்தெடுத்து நட்டவர் கனகலிங்கத்தாரேதான். அவர் போட்டோக்கொப்பிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். விமலேஸ்வரிக்கு அதற்குள் பாதி பாடமாகியிருந்தது. குசினியில் கறி கிண்டிக்கொண்டே சொன்னார். வேலிக்கு அதுவும் கேட்டது. பூட்டிப் பயனில்லையென்று கனகலிங்கத்தார் அலுமாரியைத் திறந்துவிட்டார்.

நம்மவர் பகுதி வந்தபோது கனகலிங்கத்தார் கொஞ்சம் நிமிர்ந்தார். எங்கட ஆக்கள் எங்களைக் கைவிடமாட்டினம் என்று நினைத்தார். அன்றைக்கு மட்டும் வேலி மூன்று அடி வந்தது. பிறகு ஒரு ஐரோப்பியர், உழைப்பைப் போட்டவனுக்கே நிலம் உரியது என்று எழுதிய இடம் வந்தது. கனகலிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பினார். "பாரும், சரியாத்தானே சொல்லியிருக்கிறார்! பதினாலு வருசமா நான் தண்ணி இறைச்சு மரம் வளத்தனான்."

விமலேஸ்வரி தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "கிணறு வெட்டினது ஆர்?"

கதியால்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து, கிணற்றுக் கட்டைச் சுற்றி வந்து, இந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொண்டன. கிணறு அந்தப் பக்கமாயிற்று.

பரீட்சைக்கு இன்னும் ஏழு பகுதிகள் இருந்தன. கனகலிங்கத்தார் கதிரையை வேலிக்குக் கிட்டவே போட்டுக் காத்திருந்தார். பழைய எல்லையை ஒரு சாண் தாண்டட்டும், அதிகாரியிடம் போய் நியாயம் கேட்கலாம் என்று இருந்தார். விமலேஸ்வரி ஏழையும் இரண்டு தரம் வாசித்தார். வேலி ஒரு விரல்கூடத் தாண்டவில்லை.

ஆனியில் நில அளவைக்கு வேறொரு அதிகாரி வந்தார். பழைய பதிவுக் கோவையைப் புரட்டிவிட்டு, "ஐயா, வேலி இடம் மாறியிருக்கே?" என்றார்.

கனகலிங்கத்தார் முதுகை நிமிர்த்தி நின்றார். வேலிக்கு அப்பால் தங்கம்மா வாளியை இறக்கும் சத்தம் கேட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

"நடந்தது" என்றார்.

அந்தப் பக்கத்தில் யானை தின்ற தென்னைகளைக் காலையிலிருந்து எழுதி அலுத்திருந்த அதிகாரி, தலை நிமிராமல், "வேலி நடந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

விமலேஸ்வரி பட்டப் பரீட்சையில் இரண்டாம் வகுப்பில் சித்தியெய்தினார். இப்போது காலை ஆறரைக்குக் கனகலிங்கத்தார் வாளியோடு வேலியடிக்கு வந்து நிற்பார். தங்கம்மா தன் குடத்தை நிரப்பிவிட்டு, "வாளியக் குடுங்கய்யா" என்பார். கிளுவைகள் இரண்டு சற்று விலகி, ஒரு வாளி போகிற அளவுக்கு இடம் விடும். தண்ணீர் வந்ததும் சேர்ந்துகொள்ளும்.