வலையில் ஒரு வாசல்

1

துணி காயப்போட இடமில்லாத எரிச்சலில் பிறந்த கதை இது. ஈர வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறினால், கீழ்வீட்டுக்காரி மாடி முழுக்க வலையை விரித்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். படகு வலைகள் தைப்பது அவள் தொழில்.

"இவ்வளவு பெரிய ஓட்டையா? ஆளே நுழையலாம் போலிருக்கே!"

"ஓட்டை இல்லைங்க. வாசல்."

வாளியைக் கீழே வைத்தேன். அன்று துணி காயவில்லை.

2

முதலில் இப்படி எழுதினேன்: அன்று கடல் வெள்ளித் தகடாய்—

வேண்டாம். பிறகு இப்படி: பல கோடி ஆண்டுகளாக ஆமைகள்—

பாடப்புத்தகம் எட்டிப்பார்க்கிறது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

வலைக்காரியின் அண்ணன் இறால் பிடிக்கும் இழுவைப் படகு வைத்திருக்கிறார். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் ஒரு காலை, "வலை கிழியாம எடுத்துக் குடும்மா" என்று அவளைத் துறைக்குக் கூப்பிட்டார். வலைக்குள் செத்த ஆமை ஒன்று சிக்கியிருந்தது. ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும்; வலை விடவில்லை. அவள் ஒவ்வொரு கண்ணியாக விடுவித்துப் புரட்டியபோது, அதன் வயிற்றிலிருந்து ஒரு முட்டை நழுவி அவள் கைக்குள் விழுந்தது. மணல் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். படித்துக் காட்டியதும், "அழலைங்க. ஆத்திரம்தான் வந்துச்சு" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

3

வாசல் என்றால் இதுதான்: வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து வலையின் கடைசிப் பையான மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சறுக்கி, திறப்பு வழியே வெளியேறும்.*

* அவள் கண்டுபிடிப்பல்ல. பல கடல்களில் உள்ளதுதான். அண்ணனின் கடலில் இல்லை.

அண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"சரக்கு கொறைஞ்சா என் ஆளுங்க வேற படகுக்குப் போயிடுவாங்க. அப்புறம் நானும் ஆமையும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஒரு நாள் குடுண்ணே. நானும் வரேன். கொறைஞ்சா என் கையாலயே தைச்சு மூடிடறேன். அந்த ஒரு நாளும் இல்லேன்னா, இனி உன் வலையை நான் தொட மாட்டேன்."

அண்ணனுக்குத் தங்கையைத் தெரியும். சரி என்றார்.

4

முதல் இழுப்பில் மடி பாதிதான் நிறைந்தது.

"பாத்தியா? உன் வாசல்ல எல்லாம் ஊர்வலம் போயிடுச்சு!"

அவள் சட்டத்தைப் பார்த்தாள். கடற்பாசி கம்பிகளை அடைத்திருந்தது. பிய்த்து எறிந்தாள். சட்டத்தின் சாய்வை மாற்றிக் கட்டினாள். கயிறு விரலை அறுத்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கட்டினாள்.

"இன்னொரு தடவை இறக்குண்ணே."

இரண்டாம் இழுப்பில் மடி வழக்கம்போல் கனத்தது. ஆமை இல்லை.

"சரி, இறால் இருக்கு. ஆனா ஆமை உன் வாசல் வழியாத்தான் தப்பிச்சுதுன்னு எப்படிச் சொல்லுவே? வராமலே இருந்திருக்கலாமில்ல?"

"நான் சொல்ல மாட்டேன். செத்தது வந்தா நீ சொல்லு."

அண்ணன் தலையைச் சொறிந்தார். மறுவாரம் இன்னொரு வலையைத் தூக்கிவந்து மாடியில் போட்டு, "இதுக்கும் போட்டுத் தொலை" என்றார். அடுத்த படகுக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். தப்பித்துப் போன ஒன்றை எப்படி எழுதுவது? இந்த ஆண்டு பொரிக்கும் குஞ்சு முட்டையிடத் திரும்பப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். எந்தக் கதை அதுவரை காத்திருக்கும்?

ஒரு முடிவு எழுதினேன்: படகுக்குப் பின்னால் நீரைப் பிளந்து ஒரு தலை எழுகிறது, மூச்சை இழுக்கிறது, மணலை நோக்கித் திரும்புகிறது. அழகாகத்தான் இருந்தது. அவளிடம் காட்டினேன்.

"எழுதிக்கோங்க. ஆனா நான் பாத்ததா மட்டும் எழுதாதீங்க."

ஆக, அந்தத் தலையை எழுப்புவதும் விடுவதும் உங்கள் பாடு. அவளுக்கு நேரமில்லை; அடுத்த படகின் வலைக்கு ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.