தண்ணீர்க் கோபுரத்துக் கதவு

பொல்தாவா நகரத்தில் "ஈர விறகு" என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. பேர் வைத்தவன் டிரம்ஸ் வாசிக்கிற ரோஸ்திக். "நம்ம பாட்டு எரியாது, புகையத்தான் செய்யும். பின்னாடி எவனும் ஏமாந்துட்டேன்னு சொல்லக் கூடாது பாரு" என்றான்.

சொன்ன மாதிரியே வருஷக்கணக்கில் புகைந்தது. கல்யாணங்களில் வாசித்தார்கள், கடைத் திறப்பு விழாவில் வாசித்தார்கள், ஒரு தடவை பன்றிக்கொழுப்புத் திருவிழாவில் கூட வாசித்தார்கள். அங்கே ஜனம் மென்ற சத்தம்தான் கிட்டாரைவிடப் பலமாகக் கேட்டது. பாடுகிற உலியானாவுக்குத் தங்கமான குரல். கேட்கத்தான் நாதியில்லை. ஒரு பெரிய மேடை, ஒரே ஒரு பெரிய மேடை ஏறிவிட்டால் போதும் என்று அவள் ஏங்கியதை ரோஸ்திக்கும் அறிவான், கிட்டார்காரன் நஸாரும் அறிவான்.

அப்புறம் நாட்டில் சண்டை மூண்டது. ரோஸ்திக் பட்டாளத்துக்குப் போனான். நஸாரின் சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டு ராணுவம் வேண்டாமென்று அனுப்பிவிட்டது. டிரம்ஸ் இல்லாமல் இரண்டு பேரும் ஒப்புக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் ரோஸ்திக்கிடமிருந்து உலியானாவின் போனுக்கு ஓர் ஒலிப்பதிவு வந்தது. தகரக் குவளையில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் ஏதோ இரும்புச் சத்தம். இரண்டு தரம் டண், டண். பிறகு நீளமாக ஒரு க்ரீச். மறுபடியும் டண், டண், க்ரீச்.

"காத்தடிச்சா வெளிய ஒரு தகரக் கதவு அடிச்சுக்குது உலியா. கழுதை, என்னைவிட நல்லா தாளம் போடுது. இதுக்கு ஒரு பாட்டு கட்டு. படம் மட்டும் எதுவும் போட்டுடாத. தளபதி தோலை உரிச்சிடுவாரு."

மூன்றே நாளில் பாட்டு கட்டிவிட்டாள். நஸார் ஒலியைச் சரிசெய்ய உட்கார்ந்தான். "பின்னாடி கரகரன்னு கேக்குதே, அந்த இரும்பை எடுத்துடறேன்."

"கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன். அதுதான்டா பாட்டே" என்றாள் உலியானா.

ரொம்பக் கவனமாகத்தான் இருந்தார்கள். வெறும் கறுப்புத் திரை. படம் இல்லை, படைப்பிரிவின் பேர் இல்லை, மாவட்டம் கூட இல்லை. "போர்முனையில் இருக்கும் எங்கள் டிரம்ஸ்காரன் அனுப்பிய தாளம்" என்று ஒரு வரி போட்டு இணையத்தில் ஏற்றினார்கள். கண்ணுக்குத் தெரிகிறதை எல்லாம் மறைத்தாயிற்று. காதை யார் நினைத்தார்கள்?

பாட்டு பற்றிக்கொண்டது. அப்படி ஒரு பற்றல். டிராமில் அது, வானொலியில் அது, சைரன் ஊதினால் ஜனம் போய் ஒதுங்குகிற சுரங்க ரயில் நிலையங்களிலும் அதுதான். தலைநகர் கீவிலிருந்து பெரிய அரங்கத்துக்காரர்களே கூப்பிட்டுத் தேதி கேட்டார்கள். உலியானா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அழுத்திச் சிரித்தாள். சண்டை நடக்கிற நாட்டில் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் சந்தோஷப்பட்டாள்.

பாட்டின் கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட். ஒன்றைப் படித்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதியவள் மெலானியா. ஊரை விட்டு ஓடிவந்து பொல்தாவாவில் அகதிகள் விடுதியில் இருக்கிற பால்பண்ணைக்காரி.

"ஐயோ என் கண்ணுங்களா, இது எங்க வோவ்சி பிரித் ஊர்த் தண்ணீர்க் கோபுரத்துக் கதவு! என் கல்யாணத்துக்கு முன்னாலேருந்து இப்படித்தான் அடிச்சுக்குது, எந்தத் தலைவனும் சரி பண்ணலை. இவ்வளவு கிட்டத்துல கேக்கணும்னா அது என் வீட்டு நிலவறைதான். பயப்படாம இருங்க பிள்ளைங்களா, உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னாடி வெள்ளரிக்காய் ஊறுகாய்ச் சாடி இருக்கு. எடுத்துச் சாப்பிடுங்க."

அந்த ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர், எங்கெங்கோ சிதறிக் கிடந்தவர்கள், கீழே வந்து கூடிவிட்டார்கள். ஆமாம் ஆமாம், எங்கள் கதவேதான் என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அழுதார்கள். உலியானாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஓர் இதயம் போட்டாள். அதோடு விட்டாளா? எல்லோரும் முதலில் படிக்கட்டும் என்று மெலானியா எழுதியதை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைத்தாள்.

மறுநாள் காலை ரோஸ்திக் கூப்பிட்டான். சிரிப்பில்லாத குரல்.

"உலியா, மேல ஒண்ணு நிறுத்தி வெச்சிருக்கியே, அதை எடு. பாட்டையும் எடு. இப்பவே."

"ஏன்டா, என்னாச்சு?"

"அந்த அம்மா வீட்டு நிலவறையிலதான்டி நாங்க இருக்கோம்."

இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாம் தரம் பாட்டை இறக்கினாள். இறக்கி என்ன பண்ண? அதற்குள் ஊர் உலகமே நகல் எடுத்துப் போட்டிருந்தது.

"எடுத்துட்டேன். அங்கேருந்து கிளம்புங்கடா, தயவுசெஞ்சு கிளம்புங்க!"

"பகல்ல எங்க கிளம்பறது? தலைக்கு மேல டிரோன் சுத்திக்கிட்டே இருக்கு. இருட்டட்டும். நீ அழாத, மூக்கடைச்சா பாட முடியாது" என்றான்.

இருட்டுகிற வரை விடவில்லை. பிற்பகலில் அந்த வீட்டின் மீது குண்டு விழுந்தது. நிலவறையில் இருந்த நான்கு பேரில் ஒருவனும் வெளியே வரவில்லை.

"இதனாலதான்னு யாரு கண்டா? அந்த ஊர்ல தினமும்தான் விழுது" என்று நஸார் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை என்பதுதான் உலியானாவைத் தின்றது.

ரோஸ்திக்கின் உடல் வந்த நாளில் பொல்தாவா மக்கள் சாலையின் இரண்டு பக்கமும் திரண்டார்கள். சவ வண்டி தெருமுனையில் திரும்பியதும் வழக்கப்படி எல்லோரும் முழங்காலிட்டார்கள். சேறும் பனியுமாகக் கிடந்த தரையில் உலியானாவும் முழங்காலிட்டாள். பக்கத்தில் தலையில் துணி கட்டிய பருத்த பெண்மணி ஒருத்தி, மூச்சு வாங்க முழங்காலை மடக்கினாள். உலியானாவை உற்றுப் பார்த்தாள்.

"நீதானேம்மா அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு? நான் மெலானியா. வீடு போச்சுன்னு சொன்னாங்க. போகட்டும், செங்கல்தானே. என் கூரைக்குக் கீழ இருந்த பிள்ளை போயிட்டானே! எனக்கும் அவன் பிள்ளைதானே? அதான் வந்தேன்."

உலியானா தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வெளியே வருமோ என்று பயமாக இருந்தது. இந்தப் பெண்மணிக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தன் பாரத்தில் பாதியை இங்கேயே, இந்தச் சேற்றிலேயே இறக்கிவிடலாம். சொல்லிவிடத்தான் துடித்தாள்.

வண்டி அவர்களுக்கு நேராக ஊர்ந்து வந்தது. மெலானியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பால் கறந்து காய்த்துப்போன கை.

"நான் எழுதினதைப் பார்த்தானாம்மா? ஊறுகாயை எடுத்துச் சாப்பிட்டாங்களா?"

"பார்த்தான் அத்தை" என்றாள் உலியானா. "சாடியைக் காலி பண்ணிட்டோம்னு சொன்னான். ரொம்ப நல்லா இருந்துச்சாம்."