யாருக்கு வைத்த அளவு

ஆர்னெட்டா கட்டிலை விட்டு முன்னறை சோஃபாவில் படுக்க ஆரம்பித்தபோது கிளியோஃபஸ் காரணம் கேட்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன், மனைவிக்குத் தன்மேல் சலிப்புத் தட்டிவிட்டது என்று தானே முடிவுகட்டிக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கணக்கு மட்டும் சட்டென்று வந்துவிடும்.

விஷயம் வேறு. மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்து அவளுக்கு மறுபடி ரத்தம் போனது. சொல்லக் கூச்சம். மாதத்தின் முதல் ஞாயிறு தேவாலயத்தில் சபையின் மூத்த பெண்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்தி முன்வரிசையில் உட்காருவார்கள். மேக்கன் ஊர்க் கறுப்பினச் சபைகளில் மாறாத வழக்கம். அந்த நாளில் மட்டும் அவளுக்குத் தவறாமல் தலைவலி வந்தது.

அக்கா வெர்டெலிடம் மட்டும் சொன்னாள். கோழி பொரித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள்.

"கர்ப்பப்பைக் கட்டிதாண்டி. அம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருந்துச்சு, சித்திங்க அத்தனை பேருக்கும் இருந்துச்சு. நிலபுலன்தான் கொடுக்கல, இதையாவது கொடுத்துட்டுப் போனாங்களே."

டாக்டரும் ஸ்கேன் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். கட்டிகள் இருக்கின்றன, உள்சவ்வு மெல்லிசாகத்தான் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை. அவளும் நம்பினாள். ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை. உள்ளறையில் கிளியோஃபஸ் புரள்வது கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் அவன் பக்கத்தில் படுத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். போகமாட்டாள்.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி டோனா, லீவு முடிந்து வந்தவள், ஒருநாள் தானாகவே சொன்னாள். "எனக்கு ரத்தம் போச்சு. டாக்டர்கிட்ட போன அன்னிக்கே உள்ளேருந்து துளி சதை எடுத்துப் பார்த்துட்டாரு. புத்துநோய், ஆரம்பம்தான். கர்ப்பப்பையை எடுத்தாச்சு, தீர்ந்துது."

அதே டாக்டர்தான்.

அன்று சாயங்காலம் ஆர்னெட்டா புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நான் உனக்கு அலுத்துப்போயிட்டேன்னு நெனச்சேன், நெட்டா."

"உன் மூஞ்சி. அலுக்கணும்னா எப்பவோ அலுத்திருக்கும்."

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். "டோனாவுக்கு எடுத்தீங்க, எனக்கு ஏன் எடுக்கல?" என்று கேட்டாள்.

"சதை எடுக்கன்னு வெச்சிருக்கிற அளவைவிட உங்க உள்சவ்வு மெல்லிசா இருந்துச்சும்மா."

"அது யாருக்கு வெச்ச அளவு, டாக்டர்?" என்றான் கிளியோஃபஸ்.

டாக்டர் கையுறையை மாட்டினார். சதை எடுத்தார்.

முடிவைச் சொன்னது பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா. வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோய். கறுப்பினப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கட்டிகள் மறைப்பதால், பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களைப் பார்த்து வைத்த அந்த ஸ்கேன் அளவில் அவர்களுக்குத் தப்பிப்போவதும் அதிகம். கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன், பிறகு மருந்து. மேற்கொண்டு அவர் உறுதி எதுவும் சொல்லவில்லை.

காரில் ஏறியும் கிளியோஃபஸ் சாவியைத் திருப்பவில்லை. ஆர்னெட்டாவுக்குச் சாவு பயம் இருந்தது. அதைவிட, பக்கத்து அறையில் வைத்துக்கொண்டே இவனை இழந்த மாதங்கள் அவளை உறுத்தின.

"வீட்டுக்குப் போனதும் போனை அணைச்சுடு," என்றாள். "வெர்டெல் சாப்பாடு தூக்கிட்டு வருவா, சபை மொத்தமும் ஜெபம் பண்ண வரும். யாருக்கும் கதவைத் திறக்காத. திங்கட்கிழமை வரைக்கும் நீ எனக்கு மட்டும் வேணும்."