கலீமுல்லாவின் மெழுகு அண்டா

நாலு விரற்கடை ஈயச் சுவரைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிற போக்கிரியை, மெழுகு நிரப்பிய அண்டாவுக்குள் உட்கார வைத்தவன் தான்தான் என்று கலீமுல்லா சொன்னபோது டீக்கடை பெஞ்சே குலுங்கியது. பாத்திரத்துக்கு ஈயம் பூசி வயிறு வளர்க்கிறவனே ஈயத்தைக் கேவலமாகப் பேசினால் திருத்தணி சிரிக்காமல் என்ன செய்யும்?

"பரசுராமன் இருந்தாரே, கேளுங்க" என்றான். மூலையில் டம்ளரை ஊதிக்கொண்டிருந்த பரசுராமனுக்குக் காது திடீரென்று மந்தமாகிவிட்டது.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே மூட்டை கட்டியபோது, ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடம் கலீமுல்லா வீட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் வந்து இறங்கியது. கூடவே சுண்டுவிரல் அளவு ஒரு குழாய். உள்ளே ரேடியமும் பெரிலியமும் கலந்த தூள். அதிலிருந்து ஓயாமல் நியூட்ரான் கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, ஈயத்தையும் தாண்டிப் போகும், உடம்புக்கு ஆகாது என்றார் பேராசிரியர் ஜெகநாதன். குழாய் இருக்கிற ஈயப் பெட்டியைச் சுற்றி ஒரு முழம் மெழுகு வேண்டும் என்று எழுதிக் கலீமுல்லா கையில் கொடுத்துவிட்டு, மிச்ச சாமான் ஏற்ற மதராஸ் போனார்.

மெழுகுக்குச் சாவி ஸ்டோர் கீப்பர் பரசுராமன் இடுப்பில்.

"ஈயத்துல நிக்காதது மெழுகுல நிக்குமா பாய்? நெகத்தால கீறினா வழியுது அது! சண்ட காலத்துல மெழுகு கெடைக்கிறதே கஷ்டம்."

"கோலி பாறைல பட்டா அதே வேகத்துல எகிறும், இன்னொரு கோலில பட்டா வேகத்த அதுக்குக் குடுத்துட்டு நின்னுடும். ஈயம் பாற, மெழுகு பூரா கோலின்னு புரொபசரே சொன்னாருங்க."

"கோலி ஆடற வயசா நைனா உனுக்கு?"

கலீமுல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈயப் பெட்டி இருந்த சுவருக்கு இந்தப் பக்கம்தான் அவன் குழந்தை ஹுசைனாவின் தொட்டில். மனைவி தில்ஷாத் அன்றே குழந்தையை அடுத்த தெருவுக்குத் தூக்கிப் போய்விட்டாள். "அந்த ஆளு மெழுகு தர்ற வரைக்கும் வர மாட்டேன், நீங்களே பொங்கித் தின்னுங்க."

வெள்ளி மேல் நியூட்ரான் பட்டால் அதற்கு ஜுரம் வரும், கால் மணியில் இறங்கிவிடும், அதற்குள் கதிரை எண்ணுகிற கவுண்டர் கருவியிடம் காட்டினால் படபடவென்று அடிக்கும் என்று பேராசிரியர் ஒரு வெள்ளி ரூபாயை வைத்துக் காட்டியிருந்தார். கலீமுல்லா ஹுசைனாவின் கொலுசைத் தொட்டில் கயிற்றில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டான். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு, கொல்லைக் கோடியில் கவுண்டர் இருந்த கொட்டகைக்கு ஓடினான். இருபது அடிதான் தூரம். அவன் கணக்கில் அரக்கோணம் மெயிலை முந்தியது.

டொக், டொக், டொக்டொக்.

"கொலுசுன்னா சத்தம் போடாம சும்மாவா இருக்கும்?" என்று கேட்டபடியே பரசுராமன் உள்ளே வந்தார். காலையிலிருந்து அந்த ஈயப் பெட்டிக்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்து கணக்கு எழுதியவர்.

கலீமுல்லா கொலுசை எடுத்து வெளியே எறிந்தான். கருவி நிற்கவில்லை. பரசுராமன் ஓர் அடி வைத்தார், டொக்டொக்டொக். பின்வாங்கினார், அடங்கியது. மறுபடி முன்னே வந்தார். ஆடிக்கிருத்திகை மேளமே கொட்டியது.

"இன்னாய்யா இது, என்னப் பாத்து கத்துது?"

"வெள்ளி எங்கயாவது வெச்சிக்கினு இருக்கீங்களா?"

பரசுராமன் வேட்டிக்கு மேலே இடுப்பைத் தடவினார். பாட்டன் காலத்து அரைஞாண், சுத்த வெள்ளி. ஸ்டோர் சாவி அதில்தான் தொங்கியது. அவர் சாவியைக் கழற்றவில்லை. சாவியோடு அரைஞாணையே அறுத்து எறிந்தார்.

சத்திரம் கழித்துப்போட்ட ஓட்டை அண்டாவைக் கலீமுல்லா அடைத்தான். மெழுகை உருக்கி, நடுவில் குழி விட்டு வார்த்தான். பேராசிரியர் திரும்பி வந்து, மூங்கிலில் கயிறு கட்டி எட்ட நின்று பெட்டியைக் குழிக்குள் இறக்கினார். மேலே மெழுகு மூடி, பூட்டு, சிவப்பு எழுத்தில் பலகை. மறுநாள் கொலுசு ஒரு மணி நேரம் தொங்கியது. கருவி வாயைத் திறக்கவில்லை. சாயங்காலமே தில்ஷாத் திரும்பி வந்து தொட்டிலைக் கட்டினாள்.

டீக்கடை பெஞ்சு முழுக்க இப்போது மூலையைப் பார்த்தது.

"சொல்லுங்க பாவா, பாய் உடறது உண்மையா பொய்யா?"

பரசுராமன் டம்ளரை வைத்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே இப்போது வெறும் கறுப்புக் கயிறு.

"ஆங்... நடந்துதுதான்யா."